பழைய நூற்பாலைக் கட்டடத்தைப் படித்தறியும் முறை

நூற்பாலை ஒன்று மூடப்பட்டதும் முதலில் வெளியேறுபவை இயந்திரங்கள்தாம். பழைய இரும்பாக விலைபோகக்கூடிய ஒவ்வொன்றும் கழற்றி ஏற்றப்பட்ட பிறகு, தூண்களும் சன்னல்களும் எண்ணெய் ஊறிய தரையுமே மிஞ்சுகின்றன. அந்தக் கட்டடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கோபுரத்தையும் புகைபோக்கியையும் படம் எடுத்துக்கொண்டு, வாயிலின் மேல் பொறித்திருக்கும் ஆண்டைக் குறித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மாளிகையைப் பார்ப்பதற்கு அந்த முறை போதும், ஆலைக்குப் போதாது. நீர்ச்சக்கரத்திலோ நீராவி எஞ்சினிலோ பிறந்த விசையை ஆயிரக்கணக்கான கதிர்களுக்கும் (நூலை முறுக்கிச் சுற்றும் சுழல்கோல்கள்) தறிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக எழுப்பப்பட்ட கூடு அது. விசை எங்கே பிறந்தது, எந்த வழியாகச் சென்றது, எங்கே போய் முடிந்தது என்று தேடிக்கொண்டு போனால், கட்டடத்தின் அகலம், உயரம், சன்னலின் அளவு, தூண்களின் இடைவெளி ஆகிய எல்லாவற்றுக்கும் காரணம் கிடைக்கும். காரணம் கிடைத்தால் பெரும்பாலும் காலமும் கிடைத்துவிடும்.

புறப்படுவதற்கு முன்

உரிமையாளரின் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. அனுமதி இருந்தாலும் தனியாகப் போகக் கூடாது. மரத்தரை மேலே உறுதியாகத் தோன்றினாலும் கூரை ஒழுகும் இடங்களில் அடிப்பக்கம் உளுத்துப்போயிருக்கும் என்பதால், கீழே உத்திரம் ஓடும் கோட்டை ஒட்டியே நடக்க வேண்டும். கொதிகலன் அறையிலும் நீராவிக் குழாய்களைச் சுற்றியும் வெள்ளைப் பூச்சாகத் தெரிவது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். அதைச் சுரண்டவும் கூடாது, ஒடித்துப் பார்க்கவும் கூடாது. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

நீளமான அளவுநாடா, திசைகாட்டி, மென்மையான தூரிகை, கட்டம் போட்ட நோட்டு, பென்சில், நல்ல டார்ச் ஆகியவை போதும். இவற்றில் டார்ச்தான் அதிகம் உதவும். இருட்டுக்காக மட்டும் அதைச் சொல்லவில்லை. தூணின் மேல் ஒளியை நேராகப் பாய்ச்சாமல், தூணை ஒட்டிப் பிடித்துச் சாய்வாகப் பாய்ச்சினால், பத்துப் பூச்சு வண்ணத்துக்கு அடியில் மறைந்திருக்கும் வார்ப்பெழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். வார்ப்படச் சாலையின் பெயரும், சில நேரங்களில் ஆண்டும் அப்படித்தான் கிடைக்கின்றன.

உள்ளே நுழைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு மாடியின் தூண்களுக்குப் பெயரிடுவது. நீளவாக்கில் எண்களும் குறுக்குவாக்கில் எழுத்துகளும் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு எழுதும் ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் இடம் உறுதியாகிவிடும். இதைத் தள்ளிப்போடுகிறவர்கள், மாலையில் நூறு படங்களை வைத்துக்கொண்டு எது எந்த மாடியில் எடுத்தது என்று தெரியாமல் தவிப்பார்கள்.

விசை பிறந்த இடம்

கட்டடத்தை வெளியே ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்து, நீர் இருந்ததா, நீராவி இருந்ததா, மின்சாரம் மட்டும் இருந்ததா என்ற கேள்விக்கு விடை தேட வேண்டும். பல ஆலைகளில் மூன்றுமே ஒன்றன்பின் ஒன்றாக இருந்திருக்கும்.

நீர்விசையில் தொடங்கிய ஆலை, நீர் விழும் இடத்துக்குக் கட்டுப்பட்டது. 1721-இல் இங்கிலாந்தின் டார்பி நகரில் லோம் சகோதரர்கள் கட்டி முடித்த பட்டாலை டெர்வென்ட் ஆற்றின் கரையில் நின்றது. ஆனால் 1771-இல் அதே ஆற்றின் பள்ளத்தாக்கில், குரோம்ஃபோர்டில் பருத்தி ஆலை தொடங்கிய ரிச்சர்ட் ஆர்க்ரைட், ஆற்றை விட்டுவிட்டு ஒரு சிற்றோடையையும் ஈயச் சுரங்கத்தின் வடிகாலையும் தேர்ந்தெடுத்தார். சுரங்கத்திலிருந்து வந்த நீர் வெதுவெதுப்பாக இருந்ததால் குளிர்காலத்திலும் உறையவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். ஆகவே அருகில் ஆறு இருப்பதை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. மதகு, வாய்க்கால், குளம், கட்டடத்தின் அடியில் அடைக்கப்பட்ட வளைவு, மறுபக்கம் நீர் வெளியேறிய கால்வாய் ஆகியவை ஒரே கோட்டில் அமைகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சக்கரம் இருந்த குழி கிடைத்தால் அதன் பக்கச் சுவரைக் கூர்ந்து பாருங்கள். தன் இருப்பிலிருந்து சற்றே விலகி ஓடிய சக்கரம் கல்லில் வில்போன்ற கீறல்களை விட்டுச் சென்றிருக்கும். அந்த வில்லின் இரு முனைகளுக்கு இடையே ஒரு நேர்கோடு பிடித்து, கோட்டின் நடுவிலிருந்து வில் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று அளந்தால் சக்கரத்தின் அளவு தெரிந்துவிடும். நேர்கோட்டின் பாதி நீளத்தை அதனாலேயே பெருக்கி, எழும்பிய உயரத்தின் இரு மடங்கால் வகுத்து, வரும் விடையோடு அந்த உயரத்தின் பாதியைக் கூட்டினால் ஆரம் கிடைக்கும். நேர்கோடு 4 மீட்டரும் எழுச்சி அரை மீட்டரும் இருந்தால் ஆரம் 4.25 மீட்டர், அங்கே சுழன்றது 8.5 மீட்டர் விட்டமுள்ள சக்கரம். இரும்பில் ஒரு துண்டுகூட எஞ்சாத இடத்தில், கீறல்களிலிருந்து ஒரு சக்கரத்தை மீட்டெடுக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி பெரியது.

நீராவியை நூற்பாலைக்கு நேரடியாகப் பூட்டியது, இங்கிலாந்தின் பேப்பிள்விக்கில் 1785–86-இல் நிறுவப்பட்ட போல்டன்–வாட் சுழல் எஞ்சின். எஞ்சின் வீட்டை அதன் சன்னலைக் கொண்டே அடையாளம் காணலாம்: மற்றச் சன்னல்கள் மாடிக்கு மாடி ஒரே அளவில் வரிசையாக ஓட, இங்கே மட்டும் இரண்டு மூன்று மாடி உயரத்துக்கு ஒற்றை வில்வளைவுச் சன்னல் எழுந்து நிற்கும். குறுகி உயர்ந்த அறையாக இருந்தால் ஏற்றம்போல் மேலும் கீழும் ஆடும் நெம்புகோல் எஞ்சின் இருந்திருக்கும். நீண்டு அகன்று தாழ்ந்த அறையாக இருந்தால் பின்னாளில் வந்த கிடைமட்ட எஞ்சின்.

எஞ்சினிலிருந்து மாடிகளுக்கு விசை ஏறிய வழி இரண்டு விதம். பழைய முறையில், செங்குத்தான ஒரு பெரிய தண்டு எல்லா மாடிகளையும் துளைத்துக்கொண்டு மேலே போகும். ஒவ்வொரு மாடியிலும் கூம்புப் பற்சக்கரங்கள் அதன் சுழற்சியைக் கிடைமட்டத் தண்டுக்கு மாற்றும். எஞ்சின் வீட்டை ஒட்டிய சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே நேரில் வரும் அடைத்த பள்ளங்களும், தரையில் ஒட்டுப்போட்ட துளைகளும் அந்தத் தண்டின் தடங்கள். 1870-களுக்குப் பிறகு பரவிய முறையில், எஞ்சினின் மாபெரும் சக்கரத்திலிருந்து பருத்திக் கயிறுகள் ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனியாக ஏறின. இங்கிலாந்தின் விகனில் உள்ள டிரென்சர்ஃபீல்டு ஆலையின் 1907-ஆம் ஆண்டு எஞ்சின் 2500 குதிரைத்திறன் கொண்டது. அதன் சக்கரத்திலிருந்து 54 கயிறுகள் ஓடின. இத்தனை கயிறுகளும் செல்ல, அடித்தளத்திலிருந்து உச்சிவரை தரையே இல்லாத ஒரு குறுகிய இடுக்கை விட்டுவைத்தார்கள். ஆலை வேறு பயனுக்கு மாறிய பிறகு அந்த இடுக்கில்தான் பெரும்பாலும் லிஃப்ட்டையோ படிக்கட்டையோ வைத்திருப்பார்கள். எனவே நவீன லிஃப்ட்டின் பின்சுவரைப் பார்க்கத் தவறக் கூடாது.

மின்சாரம் இந்த உடற்கூற்றையே கலைத்துவிட்டது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1894-இல் திறந்த கொலம்பியா ஆலை முழுவதும் மின்விசையில் இயங்கத் தொடங்கியது. அதன் மோட்டார்கள் உட்கூரையிலிருந்து தொங்கின. கோயம்புத்தூரில் நூற்பாலைகள் பெருகியதற்கு 1930-களில் வந்த பைக்காரா நீர்மின்சாரம் முக்கியக் காரணம். இப்படி மின்சாரத்தை நம்பி எழுந்த ஆலையில் கயிற்றிடுக்கைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மின்மாற்றி அறையையும் கேபிள் ஓடைகளையும் தேட வேண்டும்.

தூணின் தலையில் இருப்பது

மாடிக்குள் வந்ததும் தூணின் உச்சியை அண்ணாந்து பாருங்கள். உத்திரத்துக்குச் சற்றுக் கீழே, தூணோடு சேர்த்தே வார்க்கப்பட்ட தட்டையான ஒரு முகம் இருக்கும். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, தூணின் உருளை வடிவத்திலிருந்து விலகித் தனியே துருத்திக்கொண்டிருக்கும். அதில் இரண்டு அல்லது நான்கு துளைகள். துளைகளைச் சுற்றி உலோகம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். அதற்குக் கீழே தூணின் மேல் கறுத்த ஓர் எண்ணெய்க் கோடு இறங்கிவந்து, இடுப்பளவில் மங்கி மறையும். சுழல்தண்டைத் தாங்கிய பேரிங் அங்கேதான் பூட்டப்பட்டிருந்தது. எந்தத் தூண் வரிசையில் இந்த முகங்கள் இருக்கின்றன, எந்தப் பக்கம் பார்த்திருக்கின்றன என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனால், தண்டு ஓடிய கோடு தானாகவே உருவாகும். அந்தக் கோடு முடியும் சுவரில் ஓர் இரும்புப் பெட்டியோ செங்கல்லால் அடைத்த சதுரமோ இருந்தால், தண்டு சுவரைத் தாண்டி அடுத்த பகுதிக்கும் சென்றது என்று பொருள். தண்டே எஞ்சியிருந்தால் இன்னும் நல்லது: பருத்த, சதுரமான வார்ப்பிரும்புத் தண்டு பழைய காலத்தது, பொறியாளர் வில்லியம் ஃபேர்பேர்னும் அவருடைய கூட்டாளி லில்லியும் தேனிரும்பில் (அடித்து உருவாக்கும் இரும்பு) மெல்லிய தண்டுகளைச் செய்து வேகமாகச் சுழலவிட்ட பிறகு பருமன் குறைந்துவிட்டது.

இனித் தூணும் உத்திரமும் எதனால் ஆனவை என்ற கேள்வி. தொடக்ககால ஆலைகள் மரத்தால் ஆனவை. பஞ்சுத் தூசியும் எண்ணெயும் விளக்குச் சுடரும் ஒரே அறையில் இருந்ததால் அவை எரிந்துகொண்டேயிருந்தன. டார்பியில் 1792–93-இல் வில்லியம் ஸ்ட்ரட் கட்டிய ஆலையில் தூண்கள் மட்டும் இரும்பாயின. 1796–97-இல் ஷ்ரூஸ்பரி நகரின் டிதரிங்டனில் சார்லஸ் பேஜ் வடிவமைத்த ஆளிநார் (லினன் நூல்) ஆலையில் தூணும் உத்திரமும் இரண்டுமே வார்ப்பிரும்பால் ஆனவை. இரும்புச் சட்டகத்தால் கட்டிய உலகின் முதல் கட்டடமாக அது கருதப்படுகிறது. அதன் தூண்கள் குறுக்குவெட்டில் சிலுவை வடிவம் கொண்டவை. உத்திரத்துக்கும் உத்திரத்துக்கும் இடையே செங்கல் குறுவளைவுகளைக் கட்டி, மேலே நிரப்பித் தரை போட்டார்கள். பெல்பரில் ஸ்ட்ரட் குடும்பத்தின் வடக்கு ஆலை 1803-இல் எரிந்துபோக, அடுத்த ஆண்டே வில்லியம் ஸ்ட்ரட் அதை இதே முறையில் எழுப்பினார்.

வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. உத்திரம் சுமையால் வளையும்போது அதன் அடிப்பகுதிதான் இழுபடுகிறது. பொறியாளர் ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் பல உத்திரங்களை உடைத்துச் சோதித்து, அடி விளிம்பின் பரப்பு மேல் விளிம்பைப் போல் சுமார் ஆறு மடங்கு இருக்க வேண்டும் என்று 1830-ஐ ஒட்டி வெளியிட்டார். எனவே மேலே ஒல்லியான விளிம்பும் கீழே அகன்ற விளிம்புமாக, நடுவில் மீன் வயிறுபோல் ஆழமாகி ஓரங்களில் குறையும் உத்திரத்தைக் கண்டால், அது அந்தச் சோதனைகளுக்குப் பிந்தையது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். மேலும் கீழும் ஒரே அகலத்தில் விளிம்பு இருந்தால் அது பெரும்பாலும் உருட்டிச் செய்த எஃகு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் அது பரவியது. டார்மன் லாங் போன்ற எஃகு ஆலைகள் தம் பெயரை உத்திரத்தின் பக்கவாட்டில் புடைப்பாகப் பதித்தே அனுப்பின.

இந்தப் பாடங்கள் எளிதில் கிடைத்தவையல்ல. 1844-இல் இங்கிலாந்தின் ஓல்டாமில் ஓர் ஆலை இரும்பு உத்திரம் உடைந்து சரிந்ததில் 20 பேர் இறந்தனர். 1860 ஜனவரி 10 அன்று அமெரிக்காவின் லாரன்ஸ் நகரில் பெம்பர்டன் ஆலை வேலை நேரத்திலேயே இடிந்து விழுந்தது. இறந்தவர்கள் 88-இலிருந்து 145 வரை எனக் கணக்குகள் வேறுபடுகின்றன. அங்கே உள்ளீடற்ற தூண்களை வார்த்தபோது உட்கரு (உள்ளே வெற்றிடம் அமைவதற்காக அச்சுக்குள் வைப்பது) நடுவிலிருந்து விலகிவிட்டதால், ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மிக மெலிந்தும் அமைந்திருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாத் தூண்களும் ஒன்றுபோலவே தெரியும். பழைய ஆலையில் தூணின் உறுதியைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. அதைச் சிறு துளையிட்டு அளக்கும் பொறியாளருக்கே விட்டுவிட வேண்டும்.

எல்லா நாடுகளும் இரும்பின் பக்கம் போகவில்லை. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில், 1835-இல் ஆலை உரிமையாளர் சகேரியா ஆலன் தொடங்கிய பரஸ்பரத் தீக்காப்பீட்டு முறை (ஆலைக்காரர்கள் தமக்குள் ஒருவர் இழப்பை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வது) வளர்ந்தபோது, மெதுவாக எரியும் கட்டுமானம் என்ற வேறொரு தீர்வு உருவாயிற்று. பருத்த மரத்தூண், பருத்த உத்திரம், இடையில் சிறு கைமரங்களே இல்லாமல் தடித்த பலகைத் தரை. நெருப்பு நுழைந்து ஒளிய இடுக்கு கிடையாது. பெரிய மரம் மேலே கருகி உள்ளே உறுதியாக நிற்கும். மாடிப்படிகளைக் கட்டடத்துக்கு வெளியே கோபுரமாக ஒதுக்கியதும் இதே காரணத்துக்காகத்தான். அங்கே மரத்தூணைக் கண்டதும் பழமையானது என்று முடிவு செய்தால் தவறாகிவிடும்.

அகலமும் வெளிச்சமும்

ஆலையின் அகலத்தை அளந்துவிட்டால் உள்ளே நின்ற இயந்திரத்தைப் பற்றி ஒரு தெளிவு வரும். நீர்ச்சட்டகம் (நீர்விசையால் ஓடிய நூற்பு இயந்திரம்) நின்ற தொடக்ககால ஆலைகள் சுமார் 9 மீட்டர் அகலமே கொண்டவை. இரு பக்கச் சன்னல்களின் ஒளி நடுவில் சந்திக்க அவ்வளவுதான் முடியும். ம்யூல் எனப்படும் நூற்பு இயந்திரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்களோடு கட்டடத்தின் குறுக்கே நீண்டபோது, கட்டடமும் அதற்கேற்பப் பருத்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் எழுந்த பிற்கால ஆலைகள் 40 மீட்டர் அகலத்தையும் தொட்டன. அகலம் கூடக்கூட உட்கூரையின் உயரமும் சன்னலின் அளவும் கூடின. தரையில் இணைகோடுகளாகத் தண்டவாளத் தடங்கள் தெரிந்தால், அவை ம்யூலின் வண்டி முன்னும் பின்னும் ஓடிய இடம். அறுந்த நூலை இணைக்கும் தொழிலாளர்கள் அந்த வண்டியோடு வெறுங்காலில் முன்னும் பின்னும் நடந்தார்கள்.

நெசவு வேறுவிதம். தறியின் அதிர்ச்சி மாடியைக் குலுக்கும் என்பதால் தறிக்கூடம் பெரும்பாலும் தரைமட்டத்தில் ஒற்றை மாடியாகவே இருந்தது. பக்கச் சன்னலின் ஒளி எட்டாத அவ்வளவு பெரிய கூடத்துக்கு ரம்பப் பல் போன்ற கூரையைப் போட்டு, பல்லின் செங்குத்தான பக்கத்தில் கண்ணாடி வைத்தார்கள். திசைகாட்டியை எடுத்துப் பாருங்கள்: பூமியின் வடபாதியில் கண்ணாடி வடக்கு நோக்கியும் தென்பாதியில் தெற்கு நோக்கியும் இருக்கும். நேர்வெயில் விழாமல், நிழல் குழப்பாமல், நூலின் நிறம் நாள் முழுவதும் ஒரேமாதிரி தெரிவதற்கான ஏற்பாடு அது. கண்ணாடி வேறு திசை நோக்கியிருந்தால், நிலத்தின் வடிவமோ முன்பே நின்ற கட்டடமோ கட்டியவரின் கையைக் கட்டிப்போட்டிருக்கும். அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

பற்களுக்கு இடையிலான பள்ளங்களில் மழைநீர் சேரும். அதை இறக்குவதற்கு உள்ளீடற்ற தூணையே குழாயாகப் பயன்படுத்திய கூடங்கள் உண்டு. லீட்ஸ் நகரில் 1836–40-இல் எகிப்தியக் கோயில் முகப்போடு எழுந்த டெம்பிள் வொர்க்ஸ் என்ற ஆளிநார் ஆலையும் அப்படிப்பட்டது. அதன் தட்டைக் கூரையில் கூம்பு வடிவக் கண்ணாடிகளை நட்டு, நூல் அறுந்துபோகாதபடி உள்ளே ஈரம் நிலைக்க மேலே மண்ணிட்டுப் புல் வளர்த்தார்கள். முகப்பின் பகட்டைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். அந்தப் புல்லும் அந்தத் தூண்களுமே அதன் உண்மையான கட்டடக்கலை என்பது என் கருத்து. இத்தகைய தூணின் அடியில் துரு வழிந்திருந்தால் உட்புறம் அரித்துப்போயிருக்கக்கூடும். உடனே குறித்துக்கொள்ள வேண்டும்.

பஞ்சைப் பிரித்துத் தூய்மை செய்யும் அறை, தீப்பிடிக்கும் அபாயம் மிகுந்தது என்பதால், தடித்த சுவராலும் இரும்புக் கதவாலும் தனியே ஒதுக்கப்பட்டிருக்கும். எடைமிகுந்த சிக்கெடுக்கும் இயந்திரங்கள் கீழ் மாடிகளில், நூற்பு மேல் மாடிகளில். இந்த ஒழுங்கு தெரிந்தால் ஒவ்வொரு மாடியின் பெயரையும் ஊகிக்கலாம். கோபுரத்தின் உச்சியில் நீர்த்தொட்டி இருந்தால் அது தீயை அணைக்கும் தானியங்கி நீர்த்தெளிப்பான்களுக்கானது. ஃபிரெடரிக் கிரின்னெல் தமது தெளிப்பானுக்குக் காப்புரிமை பெற்ற 1881-க்குப் பிறகே இவை பெருகின. பழைய கோபுரத்தின் மேல் சில மீட்டர் மட்டும் செங்கல் நிறம் மாறியிருந்தால், தொட்டிக்காக உயர்த்தியிருக்கிறார்கள்.

சுவரில் உள்ள தையல்கள்

ஒரே காலத்தில் கட்டிய சுவரில் செங்கற்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிச் செல்லும். பின்னால் நீட்டிய சுவரில், பழையதும் புதியதும் சேரும் இடத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரு நேர்கோடு விழும். அந்தக் கோட்டுக்கு இருபுறமும் செங்கல்லின் உயரம், சாந்தின் நிறம், சன்னல் வளைவின் வடிவம் மூன்றையும் ஒப்பிட வேண்டும். பத்து வரிசைகளின் மொத்த உயரத்தை அளந்தால், ஒற்றைச் செங்கல்லில் தெரியாத வேறுபாடும் தெரிந்துவிடும்.

இதை நான் ஒரு தவறின் மூலம் கற்றுக்கொண்டேன். ஓர் ஆலையின் கோபுரத்தில் பதித்த ஆண்டை நம்பி, முழுக் கட்டடத்துக்கும் அதே வயதைச் சொல்லி ஒரு குறிப்பு எழுதிக்கொடுத்தேன். அடுத்த முறை போனபோது, கோபுரத்துக்குப் பின்னாலிருந்த மாடிகளில் தூண்கள் எஃகுத் தகடுகளை இணைத்துச் செய்தவையாக இருப்பதைக் கண்டேன். கல்லில் இருந்த ஆண்டில் அப்படிப்பட்ட தூண் வந்திருக்கவே முடியாது. தரையோரக் கற்கள் வெப்பத்தால் சிவந்து செதில்செதிலாக உரிந்திருந்தன. தீ விபத்தில் கோபுரம் மட்டும் தப்பி, மற்றவை பிறகு எழுந்திருக்கின்றன. அன்றிலிருந்து, பொறிக்கப்பட்ட ஆண்டை அந்தக் கல்லின் வயதாக மட்டுமே நான் எடுத்துக்கொள்கிறேன்.

தொழில்நுட்பம் கடல்கடந்து வந்த ஆலைகளில், வரைந்தவரின் கையையும் கட்டியவரின் கையையும் பிரித்துப் பார்ப்பது பலன் தரும். 1872-இல் ஜப்பானின் டோமியோகாவில், பிரெஞ்சுப் பொறியாளர் பால் புருனாவின் வழிகாட்டலில் எழுந்த பட்டு நூற்பாலை சுமார் 140 மீட்டர் நீளமானது. மரச்சட்டகத்தின் இடையே ஐரோப்பிய முறையில் செங்கல் அடுக்கினார்கள். அந்தச் செங்கல்லைச் சுட்டவர்கள் அதுவரை கூரை ஓடு செய்துவந்த உள்ளூர்க் கைவினைஞர்கள். மேலே ஜப்பானிய ஓடு. கூரைத் தாங்கிகள் மேற்கத்திய முக்கோணச் சட்டங்கள் என்பதால் கூடத்தின் நடுவில் தூணே இல்லை. இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் யார் வரைந்தார், யார் செய்தார் என்று இரண்டு பத்திகளாக எழுதிக்கொள்வது நல்லது.

காகிதத்தோடு ஒத்துப்பார்த்தல்

கட்டடத்தைப் பார்த்த பிறகே ஆவணங்களுக்குப் போக வேண்டும் என்பது என் முறை. முதலில் படித்துவிட்டால் கண் அதையே தேடும். தீக்காப்பீட்டு வரைபடங்கள் எல்லாவற்றிலும் மேலானவை. அமெரிக்காவில் 1867 முதல் சான்பார்ன் நிறுவனமும், பிரிட்டனில் 1886 முதல் சார்லஸ் கோடின் நிறுவனமும் வரைந்தவற்றில் சுவரின் பொருள், மாடிகளின் எண்ணிக்கை, எஞ்சின் அறை, தெளிப்பான் வரை நிறத்தாலும் குறியாலும் காட்டப்பட்டிருக்கும். அடுத்தடுத்த பதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், சுவரில் கண்ட நேர்கோடுகளுக்கு ஆண்டு கிடைக்கும்.

நாளிதழ்களில் ஏல விளம்பரங்களைத் தேடுங்கள். ஆலை நொடித்து விற்பனைக்கு வந்தபோது கதிர்கள் எத்தனை, தறிகள் எத்தனை, எஞ்சினின் குதிரைத்திறன் எவ்வளவு என்று வரிவரியாகப் பட்டியலிட்டிருப்பார்கள். ஓல்டாமின் பிளாட் பிரதர்ஸ், போல்டனின் டாப்சன் அண்ட் பார்லோ போன்ற இயந்திர உற்பத்தியாளர்களின் ஆணைப் பதிவேடுகள் இருந்தால், ஓர் இயந்திரம் எப்போது எந்த ஆலைக்குப் போனது என்பது தெரியும். பிரிட்டனில் 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் இந்தியாவில் 1881-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் உருவான தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகள், குழந்தைத் தொழிலாளர், விபத்து, காற்றோட்டம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லும். ஆவணமும் சுவரும் முரண்பட்டால், சுவரை நம்பி, முரண்பாட்டையும் எழுதிவைக்க வேண்டும். வரைபடம் போட்டும் கட்டப்படாமல் போன ஆலைகள் உண்டு.

வேலை செய்தவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களை நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பதைவிட, கூடத்துக்குள் கூட்டிக்கொண்டு நடப்பது பன்மடங்கு பலன் தரும். எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றார், சங்கு ஊதியதும் எந்த வாயிலால் நுழைந்தார், தண்ணீர்ப்பானை எங்கே இருந்தது, எந்த மூலையில் புழுக்கம் தாங்கமுடியாது என்பதெல்லாம் கால்கள் போகும்போதுதான் நினைவுக்கு வரும். தறிகளின் பேரிரைச்சலில் லங்காஷயர் நெசவாளர்கள் உதட்டசைவாலேயே பேசிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட பழக்கங்களையும் பட்டறைச் சொற்களையும் அவர்கள் உச்சரித்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். நூலாசிரியர்களின் கலைச்சொல்லுக்கு மாற்ற வேண்டாம்.

மூடிய பிறகு வந்தவை

ஆலைக்குப் பிந்தைய அடுக்குகளைக் குப்பையென்று ஒதுக்கக் கூடாது. டிதரிங்டன் ஆலை 1897 வாக்கில் பார்லி முளைவிக்கும் கூடமாக மாறியபோது, ஒளி தேவையில்லாததால் பெரிய சன்னல்கள் பலவற்றை அடைத்துச் சிறிதாக்கினார்கள். அந்த அடைப்பே அதன் இரண்டாம் வாழ்க்கையின் சான்று. நீண்டகாலப் புதுப்பித்தலுக்குப் பிறகு 2022-இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. மாசசூசெட்ஸில் நார்த் ஆடம்ஸின் துணி அச்சிடும் ஆலை பிறகு மின்கருவித் தொழிற்சாலையாகி, 1999-இல் கலைக்கூடமாயிற்று. கொலம்பியா ஆலை 1988-இல் அரசு அருங்காட்சியகமானது. மேல்தளத்திலிருந்து தொங்கும் ஆணிகளைக் கண்டால் எது எந்தக் காலத்தது என்று பிரித்தறியும் பொறுமை வேண்டும்.

கடைசியாக, வரைபடம். கண்ணால் கண்டு அளந்ததை முழுக்கோட்டாலும், தடயத்திலிருந்து ஊகித்ததைப் புள்ளிக்கோட்டாலும், ஆவணத்திலிருந்து மட்டும் எடுத்ததை வேறு நிறத்தாலும் வரைய வேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் தனித்தாள். எல்லாவற்றிலும் அதே தூண் எண்கள், வடதிசைக் குறி, அளந்த நாள். ஒரு பிரதியை உரிமையாளரிடமும் இன்னொன்றை அந்த ஊரின் ஆவணக் காப்பகத்திலும் ஒப்படைத்துவிடுங்கள்; நாளை அந்தச் சுவரில் வாயில் திறக்கப்போகும் பொறியாளருக்குச் சுழல்தண்டு எந்தக் கோட்டில் ஓடியது, எந்தத் தூணின் உள்ளே மழைநீர் இறங்குகிறது என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.